ஒரு புள்ளி தள்ளிப் போன கோலம்

பொங்கலன்று காலை எட்டரை மணிக்குக் கமலினி கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் குறையடி," என்றார் கதவடியில் நின்ற புருஷன் சிறிதரன். "இப்ப பல் டொக்டரின்ர போர்ட் மாதிரிக் கிடக்கு."

கமலினி குறைத்தாள். "இப்ப?"

"இப்ப பல்லுக் கொதியோட உள்ள வந்த ஆள்."

"இஞ்சேருங்கோ, பகிடி விடாதேங்கோ. இன்னும் ஒரு மணித்தியாலந்தான் இருக்கு."

ஐம்பத்து நாலு வயதில் ஒரு மனுசி கண்ணாடி பார்த்துச் சிரிக்கப் பழகுகிறாள் என்றால் அதற்குக் காரணம் இருக்கத்தானே வேண்டும்? இருந்தது. மெல்பேர்னில் ஒரு மியூசியம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் பூமி எப்படி அசைகிறது என்று கண்முன்னால் செய்து காட்ட அவர்களுக்கு ஒரு ஆள் தேவை. கமலினி ஒரு காலத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் வரை மண்ணும் கல்லும் படித்தவள். சண்டை வந்து படிப்பை விட்டு, நாட்டையும் விட்டு, கடைசியில் சிட்னியில் பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒப்பரேஷன் கத்தி கத்தரிக்கோல்களைக் கழுவி, அவித்து, தட்டில் அடுக்கும் வேலையில் இருபத்து மூன்று வருடம் போய்விட்டது. அவள் அடுக்கிய தட்டில் ஒரு இடுக்கி குறைந்ததாக ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றப் பெண்கள் நாடகம் பார்க்கிற நேரத்தில் இவள் நிலநடுக்கக் கட்டுரை வாசிப்பாள்.

டிசம்பரில் முதல் நேர்முகம் நடந்தது. கேட்டதெல்லாம் சொன்னாள். மியூசியத்து ஆள், டேமியன் என்று பெயர், எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாக ஒரு கேள்வி போட்டார். "உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆனால் இதில் உங்களுக்குச் சந்தோஷம் இருக்கிறதா? அதை நான் பார்க்கவில்லையே. பத்து வயதுப் பிள்ளை அதைத்தான் முதலில் பார்க்கும்."

அந்தக் கேள்வி கமலினியின் நெஞ்சில் மீன் முள்ளாட்டம் குத்திக்கொண்டு நின்றது. சந்தோஷம் இல்லையாவது! ஆறு வருடத்துக்கு முன்னால் நியூசிலாந்துக்குப் பஸ் பயணம் போனபோது, ஹன்மர் என்ற இடத்தில் எல்லாரும் வெந்நீர்க் குளத்தில் இறங்கி ஆறுதலாகக் கிடக்க, இவள் ஒருத்தி மட்டும் கார் நிறுத்துமிடத்தில் வாயைத் திறந்தபடி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அது என்னவாம்? ஆனால் அதை முகத்தில் கொண்டுவருவது எப்படி என்று தெரியவில்லை. எனவே கண்ணாடி.

இன்று இரண்டாவது, கடைசி நேர்முகம். ஒன்பதரைக்கு, கணினியில். அவள் செய்த பெட்டியைக் கமராவுக்கு முன்னால் இயக்கிக் காட்ட வேண்டும். முடிவை அப்போதே சொல்லிவிடுவார்கள்.

பெட்டி என்றால் நீளம் ஒரு மீட்டர், அகலம் அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. அடியில் இரண்டு பிளாஸ்டிக் தகடுகள். இரண்டுக்கும் நடுவிலே உள்ள வெட்டு நேராக ஓடாது. பாதி வழியில் ஒரு சாண் வலப்பக்கம் விலகி, பிறகு மறுபடி நேராக ஓடும். ஒரு தகடு அசையாது. மற்றதைப் பழைய கார் ஜாக்கின் திருகாணி ஒன்று இழுக்கும். கைபிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் தகடு மூன்று மில்லிமீட்டர் போகும். தகடுகளுக்கு மேலே அடுக்கடுக்காக மா. சிவப்பரிசி மா ஒரு படை, வெள்ளையரிசி மா ஒரு படை, குரக்கன் என்கிற கேழ்வரகு மா ஒரு படை, எல்லாவற்றுக்கும் மேலே திரும்பவும் வெள்ளை. மணல் என்றால் வெடித்த இடம் சரிந்து மூடிப்போகும். மா அப்படியில்லை, மலைச் சுவர் போல நிமிர்ந்து நிற்கும். அரிதட்டால் அரித்து அரித்து ஒரு படைகூடத் திட்டாகாமல் போட ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும்.

நியூசிலாந்தின் தென்தீவைக் குறுக்கே கிழித்துக்கொண்டு ஒரு பெரிய பிளவு போகிறது. அதன் ஒரு பக்கம், சிட்னியும் மெல்பேர்னும் இருக்கிற அதே பூமித் தட்டு. மறுபக்கம் பசிபிக் தட்டு. இரண்டும் முட்டி மோதுவதைவிட உரசிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்குவதுதான் கூட, வருடத்துக்கு நம் நகம் வளர்கிற அளவு. பெரிய பிளவிலிருந்து கிளைப் பிளவுகள் பிரிகின்றன. அப்படி ஒரு கிளை ஓடிவந்து, ஓரிடத்தில் நின்று, வலப்பக்கம் தள்ளி மறுபடி தொடங்குகிற இடத்தில் நடு நிலம் இரண்டு பக்கமும் இழுபட்டு, தொய்ந்து, கீழே இறங்குகிறது. அப்படி இறங்கியதுதான் ஹன்மர் பள்ளம். கமலினியின் பெட்டியும் அதைத்தான் செய்யும், கைபிடியைச் சரியான பக்கம் சுற்றினால்.

போன கிழமை ஒத்திகையில் சிறிதரன் மற்றப் பக்கம் சுற்றிவிட்டார். நிலம் நெருக்குப்பட்டுப் பள்ளத்துக்குப் பதிலாக நடுவில் ஒரு மலை எழும்பி நின்றது. "பிழையெண்டாலும் வடிவான மலையடி," என்றார் அவர். அன்றிரவு அந்த மலையை அவித்து வாழைப்பழத்தோடு புட்டாகச் சாப்பிட்டார்கள்.

இன்று விடிய ஐந்து மணிக்கு எழும்பி, கராஜின் வாசலில், நல்ல வெளிச்சத்தில் கமலினி பெட்டியை வைத்து மா அரித்து முடித்திருந்தாள். மேல்படை பால் போல, ஒரு கோடு இல்லாமல், ஒரு குழி இல்லாமல். பொங்கலைப் பதினொரு மணிக்குத் தள்ளிவைத்தாயிற்று. "சூரியன் பொறுப்பார், மியூசியம் பொறாது," என்று சிறிதரன் தீர்ப்பும் சொல்லியிருந்தார்.

சிரிப்புப் பயிற்சி ஒருவழியாக முடிய, கமலினி மாம்பழ நிறச் சீலையைச் சுற்றிக்கொண்டு ஒன்பது பத்துக்குக் கராஜுக்குப் போனாள்.

போனவள் அலறிய அலறலில் மரத்திலிருந்த காக்கட்டூக் கிளியெல்லாம் எழும்பிப் பறந்தன.

பெட்டியின் மேலே, அந்தப் பால் வெள்ளையின் மேலே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு கோலம். பதினைந்து புள்ளி, ஏழு வரிசை. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைந்து, நெளிந்து, பின்னிப் போகிற சிக்குக் கோலம். படை போட்டு மிஞ்சிக் கிடந்த குரக்கன் மாவால் போட்டது. பக்கத்தில், கையில் கிண்ணத்தோடு, முகமெல்லாம் மலர்ந்தபடி பத்மா.

பத்மா கும்பகோணத்துக்காரி. அறுபது வயது. மகன் ஐடி வேலைக்கு இங்கே வந்ததால் கூடவே வந்து, மகன் மெல்பேர்னுக்கு மாற்றலாகிப் போன பிறகும் இந்த ஊரை விட மனமில்லாமல், இரண்டு வருடமாக இவர்களுடைய வீட்டுப் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருக்கிறாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் பத்மா. "ஒரே இழை. கையை எடுக்கவே இல்ல."

"பத்மாக்கா… என்ன செய்தீங்கள்? ஆர் உங்களை இதில கை வைக்கச் சொன்னது?"

"நீதானேம்மா சொன்ன!" பத்மாவின் மலர்ச்சி பாதியில் நின்றது. "நேத்து சாயங்காலம் துணி எடுக்கும்போது, 'அக்கா, நாளைக்குக் கோலம் நீங்கதான் போடவேணும், நான் மாவெல்லாம் ரெடி பண்ணி வைக்கிறன்'னு சொன்னியா இல்லியா?"

சொன்னாள். அதுதான் வில்லங்கம். சத்தியமாகச் சொன்னாள்.

"அது ட்ரைவ்வேயில, பொங்கல் பானை வைக்கிற இடத்தில! இது என்ர பெட்டி, இண்டைக்குக் காட்டுறதுக்கு…"

"எனக்கு எப்படித் தெரியும்? வாசல்ல அழகா வெள்ளை மாவைப் பரப்பி, சுத்தி சட்டம் கட்டி வெச்சிருக்கு. உங்க யாழ்ப்பாணத்துல இப்படித்தான் போலன்னு நெனச்சேன். இந்த ஊர்ல மண்ணைக்கூடப் பைக்குள்ள போட்டுத்தானே விக்குறான்!"

இந்த இடத்தில் சிறிதரன் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டார். கமலினிக்கு எங்கிருந்தோ சுர்ரென்று ஏறியது.

"உங்களுக்கு ஒரு வேலையும் இல்லையெண்டு அடுத்தவையின்ர வேலையைக் கெடுக்கிறதோ?"

சொன்ன உடனேயே திரும்ப விழுங்க முடிந்தால் விழுங்கியிருப்பாள். பத்மா கிண்ணத்தைக் கதிரையில் வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கதவு மூடிய சத்தம் கேட்டது. படீரென்று அல்ல, மெதுவாக. அதுதான் இன்னும் வலித்தது.

"வக்கூமால மெல்ல உறிஞ்சிப் பாப்பமோ?" என்றார் சிறிதரன்.

"தொடாதேங்கோ!"

"ஊதினால்?"

"மூச்சுக்கூட விடாதேங்கோ!"

மேலே இன்னொரு படை வெள்ளை மா அரித்து மூடலாம் என்றால் வீட்டில் வெள்ளை மா ஒரு கரண்டி இல்லை, ட்ரைவ்வேக் கோலத்துக்கென்று வைத்ததும் பெட்டிக்கே போயிருந்தது. கடை திறக்கப் பத்து மணி. பெட்டியை அசைத்தாலும் படை கலங்கிவிடும். கமலினி நகத்தைக் கடித்தாள், சீலைத் தலைப்பைக் கடித்தாள், நேரம் ஒன்பதரை ஆயிற்று. கணினியில் மணியடித்தது.

திரையில் டேமியனும், அவர் பக்கத்தில் நரைத்த தலைமுடியோடு ஒரு பெண்மணியும். பெயர் ரூத். நியூசிலாந்துப் பிளவுகளை முப்பது வருடம் காலால் நடந்து அளந்தவள். கமரா பெட்டியை மேலிருந்து காட்டியதும் ரூத் கதிரையிலிருந்து முன்னுக்கு வந்தாள்.

"அட! மேலே என்ன, இவ்வளவு அழகாக?"

கமலினி வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்கே தெரியாது. "அது… அளவுக் கட்டங்கள்," என்று வந்தது.

"மிகவும் நல்ல யோசனை," என்று ரூத் எழுதிக்கொண்டாள். டேமியனும் தலையாட்டினார். கமலினிக்கு இரண்டு காதும் கொதித்தன. ஆய்வுகூடங்களில் இப்படி மணலின் மேல் கட்டம் போடுவார்கள் என்று அவளும் வாசித்திருக்கிறாள்தான். ஆனால் இது அவள் போட்டதா? பழகின சிரிப்பு முகத்தில் ஒட்டவில்லை. பல் டொக்டர், பல்லுக் கொதிக்காரன், ஒருவரையும் காணோம்.

"தொடங்குவமோ?" என்றார் சிறிதரன், கைபிடியைப் பிடித்தபடி. "இந்தப் பக்கந்தானே?"

"ஓம், ஓம். ஆறுதலா, மெல்ல மெல்ல. இருபது சுற்று."

ஒன்று. இரண்டு. மூன்று. மாவில் ஒன்றும் தெரியவில்லை. நாலாம் சுற்றில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. கமலினி பாடமாக்கியதை ஒப்பித்தாள். "பிளவு வலப்பக்கம் வழுக்குகிறதா, இடப்பக்கம் வழுக்குகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இந்தக் கரையில் நின்று எதிர்க்கரையைப் பாருங்கள். அது வலப்பக்கம் போகிறது. இனி எதிர்க்கரைக்குப் போய் இங்கே திரும்பிப் பாருங்கள். இந்தக் கரை வலப்பக்கம் போகிறது. எந்தக் கரையில் நிற்பவருக்கும் மற்றவர்தான் விலகிப் போனதாகத் தெரியும். இரண்டு பேர் சொல்வதும் சரி."

சொல்லும்போதே குரல் கொஞ்சம் இறங்கியது. பின்கட்டுக் கதவு அவளுடைய முதுகுக்கு நேரே இருந்தது.

எட்டு. ஒன்பது. பத்து. கோலத்தின் இழைகள் பிளவின் மேல் பட்டென்று அறுந்தன. ஒவ்வொரு வளையமும் பாதி இங்கே, பாதி அங்கே. நடுவில், வெட்டு விலகிய இடத்தில், நிலம் இலேசாகத் தொய்யத் தொடங்கியது. பதினாலு. பதினைந்து. தொய்ந்தது இறங்கியது. ஓரம் வெடித்துச் சின்னச் சின்னச் சுவர்கள் எழுந்தன. சுவரிலே சிவப்பு, வெள்ளை, குரக்கன் படைகள் வரிவரியாகத் தெரிந்தன. பள்ளம் வந்துவிட்டது! சரியான பக்கம் சுற்றிய ஏழு ஒத்திகையிலும் வந்த அதே பள்ளம்.

"எவ்வளவு தூரம் வழுக்கியிருக்கிறது இப்போது?" என்று கேட்டாள் ரூத்.

இருபதாம் சுற்று முடிந்த நேரம். கமலினி அளவுகோலை எடுக்கக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

அறுந்த கோலம் ஒட்டியிருந்தது.

பிளவின் இந்தப் பக்கத்து ஒவ்வொரு இழையும் அந்தப் பக்கத்தில் ஒரு இழையோடு சேர்ந்திருந்தது, ஆனால் தன்னுடைய சொந்த இழையோடு அல்ல! பக்கத்துப் புள்ளியின் இழையோடு. எல்லாம் சரியாக ஒரு புள்ளி தள்ளி. பத்மாவின் கை புள்ளிக்குப் புள்ளி ஆறு சென்ரிமீட்டர் விட்டிருந்தது. இருபது சுற்றும் ஆறு சென்ரிமீட்டர். கோலம் ஒன்றுமே நடக்காதது மாதிரிச் சமர்த்தாகக் கிடந்தது, நடுப்பள்ளத்தைத் தவிர. பள்ளத்திலோ…

"ஐயோ!" என்றாள் கமலினி. "ஐயோ, ஐயோ!"

"என்னடி, பிழைச்சுப் போச்சோ?" சிறிதரன் கைபிடியை விட்டு எழும்பப் பார்த்தார்.

"சுத்தியிருக்கு! இஞ்ச பாருங்கோ, நடுவில இருக்கிற புள்ளியள் இறங்க மட்டும் இல்லை, சுத்தியிருக்கு! மணிக்கூட்டு முள்ளுச் சுத்துற பக்கம்! ஏழு தரம் செய்தனான், ஒரு தரமும் காணேல்லை. வெறும் வெள்ளையில எப்பிடித் தெரியும்? பத்மாக்கா! பத்மாக்கா, ஓடி வாங்கோ!"

கமராவையும் மறந்தாள், மெல்பேர்னையும் மறந்தாள். முதுகைத் திரைக்குக் காட்டிக்கொண்டு பின்கட்டைப் பார்த்துக் கூப்பிட்ட சத்தம் பக்கத்துத் தெருவுக்கும் கேட்டிருக்கும். பத்மா கையில் அகப்பையோடு, யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ஓடிவந்தாள்.

"என்ன? யாருக்கு என்ன?"

"உங்கட கோலத்தைப் பாருங்கோ!"

பத்மா குனிந்து பார்த்தாள். கோபம் மறந்து கண் விரிந்தது. "அடியம்மா! இந்தக் கோடு அடுத்த வீட்டுக் கோட்டோட போய்ச் சேர்ந்துக்கிச்சே! ஒரு வரிசை முழுக்க வீடு மாறிடுச்சு!"

"நடுவில?"

"நடுவுல இருக்கறதுக்குத் தலை சுத்திருச்சு. ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தா பாவம் அது என்னதான் பண்ணும்?"

கமலினி சிரித்தாள். இது எங்கே பழகிய சிரிப்பு? வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வர, சீலைத் தலைப்பு மாவில் தோய்ந்தது கூடத் தெரியாமல் சிரித்தாள். பத்மாவும் அகப்பையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். அப்போதுதான் திரையிலே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்ற ஞாபகம் கமலினிக்கு வந்தது. திரும்பினாள். நெற்றியில் மா. மூக்கில் மா.

நல்ல பெயர் எடுக்கிற நேரத்தில்தானா வாய் உண்மை பேச வேண்டும்? பேசிற்று. "மன்னிக்க வேண்டும். அளவுக் கட்டம் என்று நான் சொன்னது சரியில்லை. நான் போடவில்லை. இவர் போட்டார், பொங்கலுக்கு என்று நினைத்து. பார்த்தவுடன் நான் இவரைத் திட்டினேன். இவருடைய புள்ளிகள் இல்லாவிட்டால் நடு நிலம் சுழன்றது எனக்கு இந்தப் பிறவியில் தெரிந்திருக்காது."

பிறகு பத்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னாள். "அக்கா, நான் கதைச்சது பிழை. நீங்கள் என்ர வேலையைக் கெடுக்கேல்லை."

"விடும்மா. கேட்டுட்டுப் போட்டிருக்கணும் நானும்." பத்மா மூக்கை உறிஞ்சினாள். "ஆனா கோலம் நல்லா இருந்துச்சுன்னு இன்னும் ஒருத்தரும் சொல்லல."

"வடிவெண்டால் அப்பிடி ஒரு வடிவு!" என்றார் சிறிதரன் கைபிடியடியிலிருந்து.

திரையில் ரூத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். தென்தீவிலும் இப்படித்தான், என்றாள். இரண்டு கரையிலும் ஒரே மாதிரிக் கல் இருந்தால் எது எதனுடைய சோடி என்று தெரியாமல் ஒரு வரிசை தள்ளிச் சேர்த்துவிட்டு, வருடக் கணக்காக ஏமாந்திருக்கிறோம். நீங்கள் பத்து நிமிடத்தில் காட்டிவிட்டீர்கள்.

டேமியன் கமலினியையே பார்த்துக்கொண்டிருந்தார். கமலினி மூக்கிலிருந்த மாவைப் புறங்கையால் துடைத்தாள், மா கன்னத்துக்கும் பரவியது.

"டிசம்பரில் ஒரு கேள்வி கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா?" என்றார் அவர் கடைசியில். "இன்றைக்கு அதைத் திரும்பக் கேட்கத் தேவையில்லை. மார்ச் மாதம் தொடங்க முடியுமா? இன்னொன்று. பிள்ளைகளையே புள்ளி வைக்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அந்த அம்மா வந்து சொல்லிக்கொடுப்பாரா?"

"என்ன சொல்றாங்க?" என்று பத்மா அவளுடைய இடுப்பில் இடித்தாள்.

"வேலை எனக்கெண்டு சொல்லுறாங்கள், அக்கா. மெல்பேர்ன். உங்களையும் கேக்கினம். பிள்ளையளுக்குக் கோலம் சொல்லிக்குடுக்க."

"மெல்பேர்னா? என் மகன் அங்கதானே இருக்கான்! ரெண்டு வருஷமா வா வான்னு உயிரை எடுக்கறான். ஆனா சொல்லிடு, பசங்க புள்ளி கோணலா வெச்சா நான் அழிக்கச் சொல்லுவேன்."

"முதல் வேலை, பேசின் பிள்ளையாருக்குத் தேங்காய்," என்றார் சிறிதரன். மெல்பேர்னுக்குப் பக்கத்தில், டாண்டினோங் மலையடிவாரத்தில், அந்தக் கோயில் இருக்கிற ஊருக்கே த பேசின், அதாவது பள்ளம், என்றுதான் பெயர். "பள்ளம் விழுந்தால் வந்து உடைக்கிறனெண்டு காலமை நேந்தனான். பெயரைக் கேட்டால் அவருக்கும் இதில ஒரு பங்கு இருக்குப் போல."

"ஐயையோ, பால்!" பத்மா திடீரென்று அகப்பையைப் பார்த்தாள். இவர்களுக்குப் பொங்கல் பதினொரு மணிக்குத் தள்ளிப்போனதை ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. கோபத்தோடு போனவள் தனக்கென்று ஒரு சின்னப் பானையைப் பின்கட்டு வாசலில் காஸ் அடுப்பில் ஏற்றியிருந்தாள். எட்டிப் பார்த்தால் நுரை விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது.

"பொங்கலோ பொங்கல்!" என்று பத்மா கத்தினாள். கமலினியும் கத்தினாள். திரையிலே ரூத்தும் டேமியனும் என்ன ஏதென்று தெரியாமல் கைதட்டினார்கள்.

இந்தக் கொண்டாட்டத்தில் ஒரு சின்ன விஷயத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள். இருபதோடு சரி என்று சிறிதரனுக்கு ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை. மனுசன் கோலத்தைப் புகழ்ந்த கையோடு கைபிடியை மறுபடி பிடித்து, பேச்சுக்குப் பேச்சும் கொடுத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தார். கமலினி திரும்பிப் பார்த்தபோது ஒட்டிய கோலம் திரும்பவும் அறுந்து, வளையமெல்லாம் பாதிப் பாதியாக நின்றது. பள்ளமோ முன்னையைவிட இரண்டு மடங்கு.

"இருபத்தொன்பது," என்றார் அவர், குற்றவாளி மாதிரி. "நிப்பாட்டவோ?"

கமலினி பெட்டியைப் பார்த்தாள். பத்மாவைப் பார்த்தாள். பெட்டியில் இன்னும் இடம் கிடந்தது.

"நிப்பாட்டாதேங்கோ!" என்றாள், மா அப்பிய கையைத் தூக்கி. "நாற்பது வரைக்கும் சுத்துங்கோ! அடுத்த புள்ளியில திரும்பச் சேரும்!"

"முப்பது!" என்று பத்மா எண்ணத் தொடங்கினாள்.